பெரியம்மா வெளிநடப்பு செய்தார்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் வெகுகாலம் உருப்படியாக எதையும் கண்டுபிடிக்காமல் காலத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் 'தர மேம்பாட்டுக் குழு'வைக் கண்டுபிடித்தது. நெருப்பு சுடும். சக்கரம் காலில் ஏறும். தர மேம்பாட்டுக் குழுவால் அப்படி ஒரு தொந்தரவும் கிடையாது. அது கூடும், டீ குடிக்கும், கலையும். கலைந்த பிறகு பார்த்தால் உலகம் மேம்பட்டிருக்கும்.

இந்த மேன்மையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், டயர் கடையைத் தாண்டித் தெரு முடிகிற இடத்தில் இருக்கும் மாடி வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள மற்றவர்களைவிடக் கூடுதல் நேரமும், அன்றாட வேலைகளுக்குக் கொஞ்சம் துணையும் தேவைப்படுகிற பெரியவர்கள் சிலர் அங்கே வாழ்கிறார்கள். அதை விடுதி என்று சொல்லக் கூடாது. காப்பகம் என்று சொன்னால் மேலாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். அது வீடு. அவரவர் வீட்டில், அவரவர் இஷ்டப்படி, வேண்டிய உதவியை மட்டும் வாங்கிக்கொண்டு வாழ்வது என்பதே திட்டம். நிர்வாகம் அதற்கு 'இல்லம்' என்று பெயர் வைத்திருந்தது. மிகப் பொருத்தமான பெயர். அங்கே ஒரு நாளில் அதிகம் உச்சரிக்கப்படும் வார்த்தையே 'இல்ல' என்பதுதான்.

"இன்னொரு டீ கிடைக்குமா?"

"இல்ல."

"டிவி சத்தத்தைக் கூட்டலாமா?"

"இல்ல."

"வாசல்ல கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?"

"இல்ல, இல்ல."

சொல்லி முடித்து வாயை மூடும்போது தானாக ஒரு 'ம்' சேர்ந்துகொள்ளும். இல்லம்.

இந்த இல்லத்தின் மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில் ஒருத்தி இருந்தாள். நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயது. காதோரம் நரை. தோளில் எந்நேரமும் ஒரு பழுப்பு நிறக் கைப்பை. காலையில் ரொட்டி தின்னும்போதும் அதைக் கழற்ற மாட்டாள். மற்றவர்களுடைய பிஸ்கட் அந்தப் பைக்குள் போய் ஒளிந்துகொள்வதும், கேட்டால் அவள் கூரையைப் பார்ப்பதும் உண்டு. இத்தனை இருந்தும் அந்த வீட்டில் எல்லாரும் அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள். அன்பு. அன்பு வைத்துவிட்டால் வயதைப் பார்க்கக் கூடாது அல்லவா?

அவளும் வெகுநாள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கை கைபேசியில் படத்தைக் காட்டினாள். அதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, அன்று சாப்பாட்டு மேசையில் பைப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அறிவித்தாள்:

"நான் பாப்பா இல்ல. பாப்பா தங்கச்சி வீட்டுல இருக்கு. நான் பெரியம்மா."

இதில் எந்தத் தவறும் இருப்பதாகச் சாதாரண ஆட்களுக்குத் தெரியாது. இல்லத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 'அடையாளக் குழப்பம், கவனிக்கப்பட வேண்டியது' என்று குறித்துக்கொண்டு, இன்னும் அதிக அன்போடு பாப்பா என்று கூப்பிட்டார்கள். நாம் அவ்வளவு படிக்கவில்லை. அவள் சொன்னபடியே பெரியம்மா என்று வைத்துக்கொள்வோம்.

பெரியம்மாவுக்கு இல்லத்தில் ஒரு குறையும் கிடையாது. அவளுடைய விருப்பத்தைக் கேட்காமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது. சேர்ந்த புதிதில், "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். அவள் எதிரே இருந்த வாளியைப் பார்த்து "மஞ்ச" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு மஞ்சள் சுவர், மஞ்சள் போர்வை, மஞ்சள் டம்ளர், மஞ்சள் சட்டை. பிறகு ஒருநாள், "எனக்குச் செவப்பு" என்று சொல்லிப் பார்த்தாள். மனநிலையில் மாற்றம் தெரிவதாக டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதுவும் மஞ்சள்.

கூடமாட உதவி செய்ய ஆட்களும் இருந்தார்கள். வந்தார்கள், போனார்கள். பெயரைக் கேட்டுப் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுவதால், இல்லத்துவாசிகள் எல்லா உதவியாளருக்கும் பொதுவாகப் 'புதுசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய புதுசு போய்ப் புதுப் புதுசு வரும். ஒவ்வொரு புதுசும் வந்தவுடன் கட்டிலில் உட்கார்ந்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்கும். பெரியம்மா, "போன புதுசுகிட்ட சொல்லிட்டேன்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். இப்போது இருந்த புதுசு ஒல்லியான பெண். அவள்தான் சமையலுக்கும், குளிப்பாட்டுவதற்கும், துணி துவைப்பதற்கும், மருந்துக்கும். மிச்ச நேரத்தில் ஓய்வில்லாமல் புன்னகை செய்ய வேண்டும் என்பதும் அவளுடைய வேலையில் சேர்ந்ததே.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியது. பெரியம்மா மேலாளர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள்.

"மேடம், பாப்பாவுக்குப் பொறந்தநாள் வருது. நான் போகணும்."

மேலாளர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "அடடா! இது ஒரு விருப்பம்! நீயா வந்து சொன்ன விருப்பம்!"

"ஆமா. போகவா?"

"அவசரப்படக் கூடாது. விருப்பத்தை நாங்க மதிக்கணும்ல?"

தங்கை வீடு ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த அடுக்கு வீடுகளில் ஒன்று. செருப்பைத் தேடி மாட்டுவதற்குத்தான் நேரம் பிடிக்கும், நடப்பதற்கு அல்ல. ஆனால் நடப்பது வேறு, மதிப்பது வேறு. மதிப்பதற்குக் கூட்டம் போட வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை நிலையத்திலிருந்து ஒரு தர ஆலோசகர் வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை, குரலில் தேன். அவர் மனிதர்களைப் பார்த்துப் பேச மாட்டார். அவர்களுடைய 'எதிர்கால'த்தைப் பார்த்துப் பேசுவார். அது பெரும்பாலும் எதிராளியின் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும்.

"வாங்க, உட்காருங்க. உங்க கனவு என்ன?" என்று கேட்டார்.

"பொறந்தநாளுக்குப் போறது."

"அது சின்ன ஆசைங்க. நான் கேக்கறது கனவு."

பெரியம்மா யோசித்தாள். "நேத்து கனவுல நாய் வந்துச்சு."

ஆலோசகர் முகம் மலர்ந்தது. 'விலங்குகளிடம் ஆழ்ந்த ஈடுபாடு' என்று எழுதிக்கொண்டார். மறுநாளே கட்டிலுக்கு எதிரே வாயைத் திறந்தபடி நிற்கும் ஒரு பெரிய நாயின் படம் ஒட்டப்பட்டது. பெரியம்மாவுக்கு நாய் என்றால் உயிர் போகிற பயம். அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டியே படுத்தாள். 'நிம்மதியாக உறங்குகிறார்' என்று அதையும் எழுதினார்கள்.

"உங்களுக்குத் தரம் தரணும்," என்றார் ஆலோசகர். "அதுக்குத்தான் நாங்க எல்லாரும் பாடுபடறோம்."

பெரியம்மா கையை நீட்டினாள். "தாங்க."

"என்னது?"

"தரணும்னு சொன்னீங்களே. தாங்க."

ஆலோசகர் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். பிறகு மேலாளர் அம்மா அபாய மதிப்பீட்டை ஆரம்பித்தார். தெருவைத் தாண்டுவதில் அபாயம். மாடிப்படியில் அபாயம். கேக் தொண்டையில் சிக்கலாம். பலூன் வெடிக்கலாம்.

"மெழுகுவத்தி கொளுத்துவாங்களா?"

"ஒண்ணு," என்றாள் பெரியம்மா. "ஒரு வயசுதானே?"

"ஒண்ணுன்னாலும் நெருப்பு நெருப்புதானே?" என்று ஆலோசகர் கவலையோடு தலையை ஆட்டினார். மெழுகுவத்திக்கு நேராக ஒரு சிவப்பு வட்டம் போடப்பட்டது. குழந்தைக்கு நேராக இரண்டு. கீழே விழக்கூடிய பொருள் என்பதால். தங்கைக்கு நேராக மூன்று. 'உணர்ச்சிவசப்பட வாய்ப்பு.'

எல்லா வட்டங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, இது துணைக்குழுவுக்குப் போக வேண்டிய விஷயம் என்று தீர்மானித்தார்கள். பெரியம்மாவை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. "நீ போறதா இருந்தா, மஞ்சச் சட்டை போட்டுக்கிறியா, இல்ல, பூப்போட்ட மஞ்சச் சட்டை போட்டுக்கிறியா? நீதான் முடிவு பண்ணணும்," என்றார் மேலாளர் அம்மா. எவ்வளவு பெரிய அதிகாரத்தை எவ்வளவு சுலபமாக அள்ளிக் கொடுத்துவிட்டார் பாருங்கள்.

இதற்குள் தங்கை காதுக்கு விஷயம் எட்டியது. அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அன்று மட்டும் குழந்தையைக் கடையில் ஒருத்தியிடம் கெஞ்சி விட்டுவிட்டு, கடை உடுப்போடு, இடுப்பில் குழந்தைக்கான பையோடு ஓடி வந்தாள். அக்காவைப் பார்க்கவென்று முன்பெல்லாம் வாரா வாரம் வந்துகொண்டிருந்தவள்தான். குழந்தை பிறந்ததும், 'கிருமி குறித்த வழிகாட்டுதல்' ஒன்று பிறந்தது. குழந்தையோடு உள்ளே வரக் கூடாது. குழந்தையை விட்டுவிட்டு வர அவளுக்கு ஆள் கிடையாது. அதனால் அக்காவும் தங்கையும் கைபேசியில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை இதுவரை பெரியம்மாவைப் படமாகத்தான் பார்த்திருந்தது. பெரியம்மாவும் குழந்தையை அப்படித்தான்.

"மேடம், நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்? நானே வந்து கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

"நீங்க துணையாளர் பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

"அவ என் அக்கா."

"அது உறவு. நான் கேக்கறது தகுதி."

"சின்ன வயசுல எனக்குத் தலை பின்னி விட்டதே அவதான்" என்றாள் தங்கை. அதற்கான சான்றிதழ் அவளிடம் இல்லை. "நாங்களே வண்டில, ரெண்டு பேர் துணையோட, கூட்டிட்டு வருவோம். கவலைப்படாதீங்க," என்று மேலாளர் அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினார். தங்கை மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா அங்கே நின்று, படிகளில் ஓடாதே, விழுந்துவிடுவாய் என்று கையால் சைகை செய்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனபோது பெரியம்மா பரிசு வாங்கினாள். குட்டி மேளம். இரண்டு குச்சிகளோடு. சிவப்பு. சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து பார்த்தாள். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்தாள். மேலாளர் அம்மா தொலைபேசியில் தலைமை நிலையத்தோடு 'அமைதியான சூழல்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இன்னும் பலமாகப் பார்த்தாள். மேளம் 'ஒலி அபாயம்' என்ற பிரிவின் கீழ் அலுவலக அலமாரிக்குள் போயிற்று.

பிறகுதான் அந்தப் பெரிய செய்தி வந்தது. தர ஆய்வு! ஆய்வாளர் வருகிறார். எந்த நாள்? பிறந்தநாள் அன்றே.

மேலாளர் அம்மா எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார். "அன்னிக்கு யாரும் வெளிய போகக் கூடாது."

"நான் போகணும்," என்றாள் பெரியம்மா.

"அதைத்தான் சொல்றேன் பாப்பா. ஆய்வாளர் வந்து, 'நெனச்சப்ப வெளிய போக முடியுதா?'ன்னு கேப்பாரு. நீ இங்க இருந்துதானே 'முடியுது'ன்னு சொல்ல முடியும்? நீ வெளிய போயிட்டா, வெளிய போக முடியுதுன்னு யாரு சொல்லுவா?"

வாதம் அப்பழுக்கில்லாதது. ஆலோசகரே அதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனார்.

ஒத்திகை ஆரம்பமானது. ஒல்லிப் புதுசு ஆய்வாளராக நடித்தாள். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். சரியாக உயர்த்தினால் பிஸ்கட். ரேடியோ என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு பெரியவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் கணீரென்ற குரலில் வானிலை அறிக்கை வாசிப்பார்.

"இங்க உங்களுக்கு மரியாதை கிடைக்குதா?"

"ஆங்காங்கே லேசான தூறல் இருக்கலாம்!"

அவரை ஆய்வு நேரத்தில் தோட்டத்தின் கடைக்கோடியில் உட்கார வைப்பது என்றும், அதை 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்று அழைப்பது என்றும் முடிவாயிற்று.

ஆய்வு நாள் விடிந்தது. வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. கூடத்தில் ஒரு தட்டு நிறையப் பழங்கள். தொடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. மூலையில் ஒரு கணினி வைத்து 'அறிவுத் தேடல் மையம்' என்று எழுதியிருந்தார்கள். அதன் வயரைத் தேடிப் பார்த்தால் மேசைக்குப் பின்னால் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். சுவரில் 'உங்கள் வாழ்க்கை, உங்கள் விருப்பம்' என்ற பலகை. ஈரம் காயாததால் அதன் அருகே யாரும் போகக் கூடாது.

மாடியில் பெரியம்மா மஞ்சள் சட்டையைப் போர்வைக்கு அடியில் திணித்துவிட்டு, அலமாரியின் அடியிலிருந்து ஒரு சிவப்புச் சட்டையை உருவினாள். தங்கை எப்போதோ கொடுத்தது. முதுகுப் பக்கம் பொத்தான். அவளுக்கு எட்டவில்லை. புதுசு துணிக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"பொறந்தநாளுக்கு."

"மேடம் வேணாம்னு சொன்னாங்களே."

"மேடத்துக்கு இன்னிக்குப் பொறந்தநாள் இல்ல."

கீழே மேலாளர் அம்மா பழத்தட்டை இடம் மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. புதுசு கூடையைக் கீழே வைத்தாள். பெரியம்மாவின் பின்னால் வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"கழுத்துக்கிட்ட இறுக்குதா?"

"இல்ல."

அந்த வீட்டில் சொல்லப்பட்ட 'இல்ல'களில் நல்ல 'இல்ல' அது ஒன்றுதான். புதுசு கூடையை எடுத்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காதவள்போல எதிர் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

அலுவலக அறை திறந்து கிடந்தது. வரவேற்புக்காக எல்லாரும் வாசலில். பெரியம்மா அலமாரியைத் திறந்து மேளத்தை எடுத்துக்கொண்டாள். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. ஆய்வு நாளில் அது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. வெளியே ஆய்வாளர் காரிலிருந்து இறங்கி, பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, இடது காலைப் படியில் வைக்கும் நேரம். உள்ளிருந்து பெரியம்மா வெளிப்பட்டாள். சிவப்புச் சட்டை, பழுப்புப் பை, கக்கத்தில் மேளம்.

ஆய்வாளர் நின்றார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"என் தங்கச்சி பொண்ணுக்குப் பொறந்தநாளு. வழி விடுங்க."

அவர் வழிவிட்டார். "தனியாவா?"

"மேளமும் வருது."

ஆய்வாளர் மேலாளர் அம்மா பக்கம் திரும்பினார். "இவங்க யார்கிட்டயும் அனுமதி கேக்கலையே?"

மேலாளர் அம்மாவின் வாழ்க்கையில் அப்படி ஒரு கணம் அதற்கு முன் வந்ததில்லை. இழுத்துப் பிடித்தால் ஆய்வு போச்சு. விட்டால் பெரியம்மா போச்சு. கண்ணில் நீர் திரண்டது. "எங்க வீட்டுல..." என்றார், "யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல சார்."

அதை ஆனந்தக் கண்ணீர் என்று ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். அவருக்கே கண் பனித்தது. அதற்குள் பெரியம்மா டயர் கடையைத் தாண்டியிருந்தாள்.

வெளியே வந்தபின் அவளுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தெருமுனையில் விளக்கு சிவப்பாக இருந்தது. நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் வண்டிகளுக்கு நடுவில் புகுந்து ஓடினார்கள். ஒரு ஆள், "வாங்கம்மா, சும்மா வாங்க" என்று கூப்பிட்டான். "பச்சை வரட்டும்" என்றாள். பச்சை வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டினாள். மதிப்பீட்டில் எழுதிய முதல் அபாயம் அதோடு காலி.

ரொட்டிக்கடை வாசலில்தான் கால் நின்றுவிட்டது. அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. படத்தில் இருந்ததைவிடச் சின்னது. ஆனால் இது வாலை ஆட்டியது. திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. பையை இறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மேளத்தை எடுத்து ஓங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் திறந்தபோது நாய் எதிர்ச் சாரிக்குப் போய் நின்று, என்ன இது என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் சிரித்தார். பெரியம்மாவுக்குக் காதுவரை சிரிப்பு வந்தது.

தங்கை கதவைத் திறந்தாள். கையில் பாதி ஊதிய பலூன். அது புஸ்ஸென்று பறந்து கூரையில் முட்டியது.

"அக்கா! யார்கூட வந்த?"

"என்கூட."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று வட்டம் போட்டது வீண் போகவில்லை. பெரியம்மா அவளை விலக்கிவிட்டு உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு வீடு அதிர வீறிட்டு அழுதது. பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னைப் பிடிக்கல அதுக்கு."

"புதுசா யாரைப் பாத்தாலும் அப்படித்தான் அக்கா."

"நான் புதுசு இல்ல!" என்று கத்திவிட்டு, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மேளம் தரையில் கிடந்தது. குழந்தை அழுது களைத்து, தவழ்ந்து வந்து, குச்சியை எடுத்துத் தட்டிப் பார்த்தது. சத்தம் வந்ததும் திடுக்கிட்டது. மறுபடி தட்டியது. பெரியம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தாள். குழந்தை நிமிர்ந்து, அதே குச்சியால் அவளுடைய மூக்கில் ஒன்று போட்டது.

"ஆ!" என்றாள் பெரியம்மா.

குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. இன்னொன்று போட்டது. அதன்பின் அந்த வீட்டில் பெரியவர்கள் பேசுவதற்கு வழியில்லாமல் போயிற்று. ஒருவர் அடிக்க, ஒருவர் 'ஆ' சொல்ல, ஒரே கச்சேரி.

நடுவே தங்கையின் கைபேசி அடித்தது. மேலாளர் அம்மா. குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே கிசுகிசுத்தார். "வந்துட்டாளா? நல்லா இருக்காளா? ஆய்வாளர் போற வரைக்கும் அங்கயே வெச்சுக்கோங்க. இல்ல, அனுப்பிடுங்க, திரும்பி வர்றதை அவர் பாத்தா நல்லது. ஆனா தனியா அனுப்பாதீங்க. கூட வாங்க. கூட வர்றது தெரியாத மாதிரி கூட வாங்க."

"சாயங்காலம் கூட்டிட்டு வரேன் மேடம்," என்றாள் தங்கை. "பயிற்சி எடுக்காமலேயே கேக் குடுத்துட்டேன். நல்லாத்தான் முழுங்கினா."

ஆய்வின் முடிவு வந்தது. இல்லத்துக்கு 'மிகச் சிறப்பு' என்ற தகுதி. 'இங்கு வாழ்வோர், யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல், மேளதாளத்தோடு சமூகத்தில் கலந்து உறவாடுவதை நேரில் கண்டோம்' என்று ஆய்வாளர் எழுதியிருந்தார். வெளியே அதற்குப் பெயர் 'சுதந்திரம்'. வீட்டுக்குள் அதே நடைக்கு 'அனுமதியின்றி வெளியேறிய சம்பவம்' என்று பெயர். சுதந்திரத்துக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. சம்பவத்துக்கு வாசல் கதவில் ஓர் எண் பூட்டு ஏற்பாடாயிற்று. ஒல்லிப் புதுசு வேறு கிளைக்கு மாற்றப்பட்டாள். வேறொரு புதுசு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள்.

"பாப்பாவைப் பாக்கப் போகணும்," என்றாள் பெரியம்மா, மேலாளர் அம்மாவிடம்.

"இந்த ஞாயிறு முடியாதும்மா. விழா வருதுல்ல? நீ எப்படி நெனச்சப்பல்லாம் வெளிய போறேன்னு மேடையில நீயே சொல்லப் போற. அதுக்கு ஒத்திகை இருக்கு."

அடுத்த ஞாயிறும் ஒத்திகை. அதற்கடுத்ததும். தங்கை வாசலில் வந்து நின்று கேட்டாள். எண் பூட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே மேலாளர் அம்மா அவளைப் பாராட்டினார். "உங்க அக்கா இப்ப எல்லாருக்கும் முன்மாதிரி. அவங்களை நாம ரொம்பப் பத்திரமா பாத்துக்கணும்."

விழா நாள். பெரிய அரங்கம். நிறைய இல்லங்களின் மேலாளர்கள், ஆலோசகர்கள், அதிகாரிகள். மேடை முழுக்க மலர்கள். மேலாளர் அம்மா, 'கதவுகளைத் திறப்போம்' என்ற தலைப்பில் பேசினார். பேச்சின் உச்சத்தில் பெரியம்மா மேடைக்கு அழைக்கப்பட்டாள். மஞ்சள் சட்டை. கைப்பையைக் கழற்ற மட்டும் மறுத்துவிட்டாள். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்கள். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்ததை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"நான் நெனச்ச நேரத்துல வெளிய போவேன்."

கைதட்டல். மேலாளர் அம்மா, போய் உட்கார் என்று கண்ணால் காட்டினார். பெரியம்மா உட்காரவில்லை. நின்றபடியே கொஞ்சம் நினைத்தாள். பிறகு ஒலிவாங்கியை நாற்காலியில் வைத்தாள். பைப் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். கைப்பிடியைப் பற்றி, மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள்.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. சொன்னதைச் செய்து காட்டுகிறாள்! முன்வரிசையில் ஓர் அதிகாரி எழுந்து நின்று தட்டினார். அடுத்த வரிசை எழுந்தது. ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். "பாப்பா... பாப்பா..." என்று மேலாளர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது ஒலிபெருக்கியில் தாலாட்டுபோல ஒலித்தது. இருபுறமும் ஆட்கள் எழுந்து நிற்க, நடுவில் பெரியம்மா யாரையும் பார்க்காமல் நடந்தாள். கடைசி வரிசையையும் தாண்டினாள். கதவை எட்டினாள். தள்ளினாள்.

திறக்கவில்லை. சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போய்விடக் கூடாது என்று அதைத் தாழிட்டிருந்தார்கள். மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். திரும்பி நின்று, "யாராவது தொறங்களேன்" என்றாள். "பாப்பா வீட்டுக்குப் போகணும். தொறங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எத்தனையோ கைகள். அத்தனையும் அவளுடைய சுதந்திரத்தைப் பாராட்டுவதில் மும்முரமாக இருந்தன. கதவைத் திறக்க ஒரு கைகூட மிச்சமில்லை.